மார்சியால் சொல்லி வைத்த விருந்து

மார்சியால் தன் கல்யாண நாள் விருந்துக்கு எங்களிடம் மேஜை சொல்லி வைத்தது செப்டம்பரில். விருந்து நாள் ஏப்ரல் இருபத்திரண்டு. ஏழு மாதத்துக்கு முன்பே யாரும் எங்கள் விடுதியில் இடம் பிடித்து வைப்பதில்லை. மில்வாஷ் மேட்டில், தார் ரோடு முடிந்து காட்டுப் பாதை தொடங்கும் இடத்தில் இருக்கும் பத்து மேஜைச் சாப்பாட்டு விடுதி இது. நானும் என் கணவர் லெயோனாரும் மட்டும்தான். அவர் சமையல், நான் மற்ற எல்லாம்.

நான் சிரித்தேன். மார்சியால் சிரிக்கவில்லை. கிஸ்லேனைக் கட்டி இருபத்தைந்து வருஷம் ஆகப்போகிறது, ஒரு தடவைகூட அவளை முறையாக வெளியே கூட்டிப்போய் உட்காரவைத்துச் சாப்பிட்டதில்லை, விட்டால் இந்தத் தடவையும் மறந்துபோவேன், அதனால் இப்போதே எழுதி வை என்றான். எழுதினேன். ஜன்னலோர மேஜை, இரண்டு பேர், எட்டு மணி. என்னென்ன வேண்டும் என்பதையும் அவனே சொன்னான். முதலில் குளத்து ட்ரவுட் மீன், பிறகு காளானோடு இளங்கன்று இறைச்சி, சீஸ், கடைசியில் ஆப்பிள் போட்டு அடுப்பில் சுட்ட இனிப்பு.

"காட்டுப்பன்னி மட்டும் கண்ணுலயே காட்டாத ஓதில்," என்றான். "நான் சுட்டுக் கொண்டுவந்து போட்டுப் போட்டு அவளுக்கு அந்த வாசனையே ஆகாமப் போச்சு."

நவம்பரில் அவன் செத்துப்போனான்.

அது சனிக்கிழமை வளைப்பு வேட்டை, காட்டைச் சுற்றி வளைத்துப் பன்றியை விரட்டிச் சுடுவது. ஊர்க்காரர்கள் பதினான்கு பேர், பிரிவ் நகரத்திலிருந்து வந்த விருந்தாளிகள் மூன்று பேர். லெயோனாரும் போயிருந்தார். மலைச்சரிவில் ஆளுக்கொரு இடத்தில் ஆரஞ்சுச் சட்டையோடு நின்றார்கள். மூடுபனி இறங்கியது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். மார்சியால் என்ன நினைத்தானோ, தன் இடத்தை விட்டுப் பெரணிப் புதருக்குள் இறங்கி, குனிந்து கால்தடம் பார்த்திருக்கிறான். புதர் அசைந்தது. மேலே நின்ற ரெஜிஸ் சுட்டான்.

ரெஜிஸும் மார்சியாலும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ரெஜிஸின் மாட்டுத் தொழுவத்துக்குக் கூரை போட்டவனே மார்சியால்தான். குண்டு வயிற்றில் பட்டிருந்தது. ரெஜிஸ்தான் முதலில் ஓடிப்போனான், கொம்பு ஊதினான். ஹெலிகாப்டர் பனியில் இறங்க முடியாது என்று தகவல் வந்ததும் மற்றவர்கள் எல்லாம் ஆம்புலன்ஸுக்கு வழிகாட்ட ரோட்டுக்கும் பாதைக்குமாக ஓடினார்கள். நாற்பது நிமிஷம் ஆனது. அந்த நாற்பது நிமிஷமும் மார்சியால் பக்கத்தில் இருந்தது ரெஜிஸ் மட்டும்.

ஆம்புலன்ஸ் வருவதற்குச் சற்று முன்னால் மார்சியால் இறந்துவிட்டான். காவலர்கள் வந்ததும் ரெஜிஸ் துப்பாக்கியை நீட்டி, நான்தான் சுட்டேன் என்று சொல்லிவிட்டான். அதில் அவன் ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை. பாதிரியார் தனியாக விசாரித்தபோது, மார்சியால் கடைசிவரை என் கையைப் பிடித்திருந்தான், எனக்கு நன்றி சொன்னான் என்று மட்டும் சொன்னானாம். அடக்கத்தன்று அந்த வார்த்தை கோயிலில் பெரிதாக வளர்ந்துவிட்டது. தன்னைச் சுட்டவனின் கையைப் பிடித்துக்கொண்டு, அவனை மன்னித்து, அமைதியாகக் கண்மூடிய மனிதன் என்று பாதிரியார் பேசினார். பலர் அழுதார்கள். நானும் அழுதேன். முதல் வரிசையில் கிஸ்லேன் அழாமல் உட்கார்ந்திருந்தாள்.

குளிர்காலம் முழுக்க ஊர் அவளிடம் இதையே சொன்னது. ரொட்டிக் கடையில், தபால் ஆபீஸில், எங்கள் விடுதியில்கூட. செத்தவனே மன்னித்துவிட்டான், நீ ஏன் அந்த மனுஷனைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாய் என்று. நீதிமன்றத்தில் ரெஜிஸுக்கு நிறுத்தி வைக்கப்பட்ட சிறைத்தண்டனையும் வேட்டைக்குத் தடையும் கிடைத்தபோது, ஊரில் பாதிப்பேர் ரெஜிஸுக்காகத்தான் வருத்தப்பட்டார்கள். அவன் பத்துக் கிலோ இளைத்திருந்தான். பார்க்கவே பாவமாக இருந்தது. கிஸ்லேன் இளைக்கவில்லை. அதையும் ஒரு குற்றமாகப் பேசினார்கள்.

மார்ச் மாதம் எங்கள் முன்பதிவு நோட்டில் ஏப்ரல் பக்கம் வந்தபோது நான் அந்த வரியை அடிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் வைத்திருந்தேன். ஒரு காலையில் கிஸ்லேனே போன் செய்தாள். மேஜை அப்படியே இருக்கட்டும் என்றாள். சாப்பாடும் அவன் சொன்னதுதான்.

"எத்தனை பேரு?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேருன்னுதானே எழுதியிருக்க."

தங்கையோடு வருவாள் என்று நினைத்துக்கொண்டேன். லெயோனார் காளான் பறிக்க அவரே காட்டுக்குப் போனார். நவம்பருக்குப் பிறகு அவர் காட்டுக்குள் காலெடுத்து வைத்தது அன்றுதான். திரும்பி வந்தபோது கூடை நிறைந்திருந்தது. நெடுநேரம் அந்தக் காளான்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

ஏப்ரல் இருபத்திரண்டு எட்டு மணிக்கு இன்னும் முழுதாக இருட்டவில்லை. உள்ளே இன்னும் இரண்டு மேஜைகளில் ஆட்கள் இருந்தார்கள். ஒன்றில் உசெல் ஊரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தம்பதி, இன்னொன்றில் உள்ளூர் மாட்டு வியாபாரிகள் மூன்று பேர். கிஸ்லேனின் கார் வந்து நின்றது. நீல உடுப்பு போட்டுத் தலையை அழகாகச் சீவியிருந்தாள். மறுபக்கக் கதவைத் திறந்து இறங்கியது ரெஜிஸ்.

கோட்டு அவன் தோளில் தொங்கியது. வாசலிலேயே நின்றான். உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாத மாடு மாதிரி நின்றான் என்றுதான் சொல்ல வேண்டும். கிஸ்லேன் திரும்பிப் பார்க்காமல் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். பிறகு அவனும் போய் எதிரே உட்கார்ந்தான். மாட்டு வியாபாரிகள் மேஜையில் முள்கரண்டிச் சத்தம் நின்றுபோனது.

சமையலறைக்குள் போய்ச் சொன்னேன். லெயோனார் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"அவனுக்கு நான் தட்டு போடமாட்டேன்," என்றார். "மார்சியாலோட சாப்பாடு இது. அவன் வாயால சொன்னது. இதை இவன் திங்கவா?"

"கூட்டிட்டு வந்தது கிஸ்லேன். இன்னைக்கு விருந்து அவளுது. அவ யாரை வேணா உட்கார வைப்பா."

சிறிது நேரம் கழித்து வாணலியில் வெண்ணெய் உருகும் சத்தம் கேட்டது. நான் வால்நட் ஒயினை இரண்டு கண்ணாடிக் கோப்பைகளில் ஊற்றிக் கொண்டுபோனேன். கிஸ்லேன் குடித்தாள். ரெஜிஸ் தொடவில்லை. வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

மீன் தயார் என்று லெயோனார் கூப்பிட்டார். போனால் மேடையில் மூன்று தட்டுகள் இருந்தன. ஜன்னல் மேஜைக்கு இரண்டுதானே என்றேன். பரிமாறும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து எண்ணித்தான் போட்டேன், மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார் அவர். நானும் குனிந்து பார்த்தேன். கிஸ்லேன், ரெஜிஸ். வெளியே இருட்டியதால் ஜன்னல் கண்ணாடியில் ரெஜிஸின் தலை நிழலாக விழுந்திருந்தது. அதைத்தான் பார்த்திருப்பீர்கள் என்றேன். லெயோனார் அந்தப் பக்கம் மறுபடி பார்க்கவில்லை. மூன்றாவது தட்டைத் திரும்ப எடுக்கவும் அவருக்குக் கை வரவில்லை. நான்தான் அதை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் மூடி வைத்தேன்.

மீனை வைத்தேன். கிஸ்லேன் ஒரு வாய் எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஓதில், ஒரு நாற்காலி போட்டு உட்காரு."

மற்ற மேஜைகளைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"கொஞ்ச நேரம் உட்காரு. இவன் ஒண்ணு சொல்லப்போறான். அதை நான் மட்டும் கேட்டா நாளைக்கு ஊரு அதையும் மாத்திடும். இன்னொரு ஆளும் கேட்கணும்."

நாற்காலியை இழுத்து மேஜை ஓரத்தில் உட்கார்ந்தேன். ரெஜிஸ் எதைச் சொல்ல வேண்டும் என்று தெரியாதவனைப் போல அவளையே பார்த்தான். அவளே பேசினாள். குரல் உயரவில்லை.

நவம்பரிலிருந்து தினமும் ஒரே கனவு வருகிறது என்றாள். புதருக்குள் மார்சியாலும் ரெஜிஸும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கூப்பிட்டால் மார்சியால் திரும்புவதில்லை. ரெஜிஸின் கையைப் பிடித்துக்கொண்டு அவனோடு மட்டும் பேசுகிறான். முழித்திருக்கும்போதும் வீட்டில் அவன் நடமாட்டம் இருக்கிறது. மாடிப்படியில் காலடி கேட்கும், வந்து அவள் பின்னால் நிற்பான், ஆனால் அவளோடு பேசமாட்டான். கோபமாக இருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றுகிறது. நானே விட்டுவிட்டேன், நீ ஏன் பிடித்துக்கொண்டு நிற்கிறாய் என்று அவன் கேட்பதாகத் தோன்றுகிறது.

"இருபத்தஞ்சு வருஷம் கூட வாழ்ந்தவ நான்," என்றாள். "பக்கத்து வீட்டுக்காரன் வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டான்னு ஒன்பது வருஷம் அவன்கூடப் பேசாத மனுஷன் அவன். வயித்துல குண்டு பாஞ்சு கிடக்கிறப்போ அவனுக்கு எங்கேருந்து வந்தது அந்தப் பெரிய மனசு? எனக்கு அந்த ஆளையே அடையாளம் தெரியல ரெஜிஸ். அவன் என்ன சொன்னான்னு எனக்கு வார்த்தைக்கு வார்த்தை வேணும். நீ என்ன புரிஞ்சுக்கிட்டங்கிறது வேணாம். அவன் சொன்னது வேணும்."

ரெஜிஸ் இரண்டு கைகளையும் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டான். உசெல் தம்பதி தண்ணீர் கேட்டு ஒரு தடவை கையைத் தூக்கினார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

"நல்லவேளை நீ வந்தேன்னான்," என்றான் ரெஜிஸ்.

"அப்புறம்?"

"அதையேதான். நல்லவேளை நீ வந்த ரெஜிஸ், நல்லவேளை நீ வந்த. அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னான். கையை விடவே இல்ல."

"வேற என்ன சொன்னான்?"

"எவன்டா சுட்டதுன்னு கேட்டான்."

கிஸ்லேன் முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"அந்த பிரிவ்லேருந்து வந்த பயலுங்கதானேன்னான். துப்பாக்கி பிடிக்கத் தெரியாத நாயிங்க, எதுக்குடா கூட்டிட்டு வந்தீங்கன்னான். நான் எழுந்திரிச்சேன்னா சுட்டவன் தாடையைப் பேத்துருவேன், கோர்ட்டுக்கு இழுப்பேன், அவன் மாட்டை வித்து எனக்குக் கட்ட வைப்பேன்னான். வலி வர்றப்போ எல்லாம் அவனைத் திட்டினான். வலி விட்டா என்னைப் பார்த்து நல்லவேளை நீ வந்தேம்பான்." ரெஜிஸின் குரல் உடைந்தது. "நான் சொல்லல கிஸ்லேன். நான்தான்னு சொல்ல வாய் வரல. ஒரு வார்த்தை. நாப்பது நிமிஷம் இருந்துச்சு, சொல்லல. அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு, ஆமா மார்சியால், ஆமா மார்சியால்னு உட்கார்ந்திருந்தேன். அவன் தெரியாமயே போயிட்டான்."

எனக்கு மேஜைத் துணியைப் பார்ப்பதைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை. பாதிரியாரிடம் ஏன் சொல்லவில்லை என்று கிஸ்லேன் கேட்டாள். கையைப் பிடித்ததும் நன்றி சொன்னதும் உண்மை, அதை மட்டும்தான் சொன்னேன், மீதியை அவர்கள் எல்லோரும் சேர்ந்து கட்டினார்கள், கோயிலில் அதைக் கேட்டபோது எழுந்து இல்லை என்று சொல்லத் தெம்பில்லை என்றான். அப்புறம், அந்தப் பொய்க்குள் இருப்பது கொஞ்சம் கதகதப்பாக இருந்தது என்றும் சொன்னான். அந்த வார்த்தையை அவன் அப்படியேதான் சொன்னான்.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?"

"கடைசியில சொன்னான். கிஸ்லேன்கிட்ட யாரும் போய்ச் சொல்லி வைக்காதீங்க, பயந்துருவா, சாயங்காலம் நானே போய்ச் சொல்லிக்கிறேன்னான்."

கிஸ்லேன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து அவள் கையைத் தொட்டேன். முகத்தைத் திருப்பியபோது அவள் சிரித்துக்கொண்டும் இருந்தாள். கண்ணீர் முகவாய்வரை வழிந்திருந்தது.

"தாடையைப் பேத்துருவேன்னானா?" என்றாள். "மாட்டை வித்துக் கட்ட வைப்பேன்னானா? அதான். அதான் என் புருஷன். ஆறு மாசமா எல்லாருமாச் சேர்ந்து வேற யாரையோ புதைச்சுட்டு வந்து என்கிட்ட கதை சொல்லிக்கிட்டிருந்தீங்க."

ரெஜிஸ் எழுந்திருக்கப் பார்த்தான். அவள் உட்காரச் சொன்னாள்.

"நான் உன்னை மன்னிக்கல. நல்லாக் கேட்டுக்க. அவனும் மன்னிக்கல. இனிமே யாரும் அவனைக் காட்டி என்கிட்ட அதைக் கேட்க முடியாது. என்னைக்காவது எனக்கா தோணுனா நானே உன் வீட்டுக்கு வந்து சொல்லுவேன். தோணாமலே போனாலும் போகலாம். இப்போ சாப்பிடு. அவன் சொல்லி வெச்ச சாப்பாடு, ஆறிப்போகக் கூடாது."

நான் எழுந்து போய் உசெல்காரர்களுக்குத் தண்ணீர் வைத்தேன். சமையலறையில் லெயோனார் பரிமாறும் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருந்தது. இளங்கன்று இறைச்சியை இரண்டு தட்டில் எடுத்து வைத்தார். காளானை ஒவ்வொன்றாக, சரிசமமாக வைத்தார்.

கிஸ்லேன் எல்லாவற்றையும் சாப்பிட்டாள். ரொட்டியால் சாற்றைத் துடைத்துச் சாப்பிட்டாள். சீஸில் மூன்று துண்டு எடுத்துக்கொண்டாள். ரெஜிஸ் ஒரு தண்டனையை அனுபவிக்கிறவனைப் போல மென்று மென்று விழுங்கினான். நடுநடுவே அவன் தலை சற்றுச் சாயும், பக்கத்தில் யாரோ மெல்லப் பேசுவதைக் கேட்பதுபோல. அப்போது மெல்லுவதை நிறுத்திவிடுவான். பிறகு மறுபடி தொடங்குவான். அவன் வலது கை மட்டும் கடைசிவரை மேஜைக்கு மேலே வரவில்லை. எல்லாவற்றையும் இடது கையால்தான் சாப்பிட்டான்.

ஒன்பதரைக்கு அவளே அவனைக் காரில் கூட்டிக்கொண்டு போனாள்.

மே மாதம் வேட்டைச் சங்கக் கூட்டத்துக்கு ரெஜிஸ் கூப்பிடாமலே போய், எல்லோர் முன்னாலும் நின்று உள்ளதைச் சொன்னானாம். கிஸ்லேன் அப்படிக் கேட்கவில்லை, அவனாகவே போனான். சுட்டதற்காக அவனை வெறுக்காத சிலர் இதற்காக வெறுத்தார்கள். கையைப் பிடித்துக்கொண்டே ஏமாற்றினான் என்றார்கள். பாதிரியார் கிஸ்லேன் வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்தார், என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவளிடம் ஊர் அறிவுரை சொல்வது அதோடு நின்றது. அவள் வீட்டுக் காலடிச் சத்தமும் நின்றுவிட்டது என்று என்னிடம் சொன்னாள். அது நின்றதில் அவளுக்குச் சந்தோஷமா என்று நான் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் கேட்கத் தோன்றவில்லை.

ரெஜிஸ் கோடை முடிவதற்குள் மாடுகளை விற்றுவிட்டு கெரே பக்கம் மகள் வீட்டுக்குப் போக ஏற்பாடு செய்துவிட்டான். கிளம்புவதற்கு முன் ஒரு மதியம் எங்கள் விடுதியில் நின்றுகொண்டே ஒரு காபி குடித்தான். கூட்டம் இல்லை. இப்போதாவது தூக்கம் வருகிறதா என்று கேட்டேன். அவன் தன் வலது உள்ளங்கையைப் பார்த்தான்.

"விடமாட்டேங்கிறான் ஓதில்," என்றான். "திட்டுனாக்கூடப் பரவாயில்ல. இப்பவும் நல்லவேளை நீ வந்தேன்னுதான் சொல்லிக்கிட்டிருக்கான். ஊருக்கெல்லாம் சொல்லிட்டேன். அவனுக்கு எப்படிச் சொல்றது?"

இன்னொரு காபி வேண்டுமா என்று மட்டும் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போனான்.

அன்று மாலை உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தபோது லெயோனார் திடீரென்று ஒரு கேள்வி கேட்டார். மார்சியால் இடத்தில் நீ கிடந்திருந்தால், சுட்டது யார் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்று இருந்திருக்குமா என்றார். நான் யோசித்தேன். வேண்டாம் என்றேன். பிடித்துக்கொள்ள ஒரு கை இருந்தால் போதும்.

"எனக்குத் தெரியணும்," என்றார் அவர்.

கிழங்கைச் சீவி முடித்தோம். ஏழு மணிக்கு முதல் வாடிக்கையாளர்கள் வந்தார்கள்.